கேமராக்காரருக்கு எந்தப் பந்தி?

எங்க அம்மையார்குப்பம் பக்கம் கல்யாணம்னா முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியக்காலம் முகூர்த்தம். விருந்தாளிக்கு முன்னாடி வந்து விருந்தாளிக்கு அப்புறம் கிளம்பறவங்க மூணு வகை: சமையல்காரர், மேளக்காரர், போட்டோகிராபர். சமையல்காரர் சாப்பாட்டுக்கு இன்னொருத்தரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மேளக்காரருக்கு எப்ப இலை போடணும்னு பெரியவங்களுக்குத் தெரியும். கேமராக்காரருக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒரு முறை கிடையாது. ஏன்னு தேடினா, விஷயம் ரொம்பப் பழைய காலத்துக்குப் போகுது.

கிராமத்துக் கணக்கில் வேலை செய்றவருக்குப் போடுற சாப்பாடு தர்மம் இல்லை. கூலியில் ஒரு பங்கு. நாத்து நட வந்தவங்களுக்குப் பொழுது ஏறினதும் கேழ்வரகுக் கூழ் போகும். 'சாப்பாட்டோட இவ்வளவு, சாப்பாடு இல்லாம இவ்வளவு'ன்னு ரெண்டு விதமா கூலி பேசுறது விவசாயிக்குப் புதுசு இல்லை. துணி வெளுக்கிறவர், முடி வெட்டுறவர், தச்சர், கொல்லர் எல்லாருக்கும் அறுவடைக் களத்திலேயே நெல் அளந்தாங்க. கல்யாணத்திலும் அவங்கவங்களுக்கு அரிசி, காய், வேட்டின்னு பங்கு இருந்தது.

பங்கு உறுதி. ஆனா இடம்? அங்கதான் சாதி குறுக்கே நின்னது. பந்தியில் உட்கார விடமாட்டாங்க. கொல்லைப்புறத்திலோ தெருவோரத்திலோ, எல்லாரும் எழுந்த பிறகுதான். பழைய முறையை ரொம்பப் புகழ முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்துக்காக நாட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கு. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் ரெண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியா சாப்பாடு போட அனுமதிச்சார். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தாங்க. தமிழ்நாட்டுக் காங்கிரஸையே அது ஆட்டிப் பார்த்தது. நின்னுக்கிட்டே வாசிச்ச நாகஸ்வரத்தை மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற கலையா மாத்தினதில் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு. யார் எங்க உட்காரணும்ங்கிறது சின்ன விஷயமா இருந்ததே இல்லை.

இந்தக் கணக்குக்குள்ள கேமரா ரொம்பத் தாமதமாத்தான் வந்தது. 1850களிலேயே மெட்ராஸில் போட்டோகிராபிக் சொசைட்டி இருந்தது. லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்து 1858-ல் வெளியிட்டார். ஆனா அந்தக் கேமராவுக்கு எதிரில் இருப்பது ஆடாம அசையாம இருக்கணும். கோபுரம் நிக்கும், கல்யாண வீடு நிக்குமா? அதனால ரொம்ப நாளைக்கு, பொண்ணும் மாப்பிள்ளையும்தான் டவுனில் ஸ்டூடியோவைத் தேடிப் போனாங்க. போட்டோகிராபர் பந்திக்கு வர வேண்டிய தேவையே வரலை.

பிறகு கையில் தூக்கிட்டுப் போற கேமரா வந்தது. வதோதராவில் தயாரான அக்ஃபா கிளிக், ஜப்பான் யாஷிகா எல்லாம் கிராமம் வரைக்கும் வந்தது. 1960-ல் ஊட்டியில் தொடங்கின இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நம்ம நாட்டிலேயே 'இந்து' பிலிம் போட்டது. அந்த ரோலில் 12 படம்தான். ரெண்டு ரோல் போட்டாலே செலவான கல்யாணம். தாலி கட்டுறது, மாலை மாத்துறது, குடும்பப் படம், அவ்வளவுதான். மீதி நேரம் அவர் சும்மாதான் இருக்கணும். பிலிமை வீணாக்க முடியாதே.

எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றதைக் கேட்டா, அந்தப் போட்டோகிராபர் பேன்ட் போட்ட டவுன் ஆளு. அவருக்குக் களத்து நெல் பங்கு கிடையாது, ஆனா பந்தியில் இடம் உண்டு. "சார், வாங்க சாப்பிடலாம்"னு வீட்டுக்காரரே கூப்பிட்டு மாப்பிள்ளை வீட்டாரோட உட்கார வைப்பாராம். மத்தவங்களுக்குப் பங்கு இருந்து இடம் இல்லாம போச்சு. இவருக்கு இடம் இருந்து பங்கு இல்லாம போச்சு. இடம் இருந்த வரைக்கும் பங்கு யாருக்கும் ஞாபகம் வரலை.

35 எம்.எம். பிலிமில் 36 படம் ஆச்சு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர் டி.வி. வந்தது, பின்னாலேயே கல்யாண வீடியோ வந்தது. மூணு மணி நேர கேசட்டை நிரப்பணுமே! பந்தியையே படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. பெரிய லைட்டைத் தூக்கிட்டு ஒரு பையன், கேமராவோட ஒருத்தர். நாம சாம்பார் சாதம் பிசையறதை இலைக்கு இலை நின்னு எடுத்தாங்க. ஊரே சாப்பிடுறதைப் பார்த்துக்கிட்டு, தான் சாப்பிடாம நிக்கிற வேலை அன்னைக்குத்தான் பிறந்தது.

டிஜிட்டல் வந்த பிறகு ரோல் தீர்ற பேச்சே இல்லை. மெமரி கார்டு நிறையாது, அதனால ஓய்வும் இல்லை. கேன்டிட், வீடியோ, டிரோன்னு ஆறு பேர் வர்றாங்க. முதல் நாள் ராத்திரி வரவேற்பு முடிஞ்சு மேடையில் கடைசிக் குடும்பம் இறங்கும்போது மணி பதினொண்ணு. சமையல் கட்டில் அப்ப இட்லியும் இல்லை, சாம்பாரும் இல்லை. விடியக்காலம் நாலு மணிக்குப் பொண்ணு அலங்காரம். முகூர்த்தம் திருத்தணி மலைக்கோயில்லன்னா கேமராப் பையோட மேல ஏறி இறங்கணும். கீழே மண்டபத்துக்கு வந்தா அடுத்த பந்தியைப் படம் எடுக்கணும்.

இது நம்ம ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல போட்டோகிராபர்கள் ஒப்பந்தத்திலேயே சாப்பாட்டையும் எழுதிடுறாங்க. 2021-ல் ஒருத்தர் ரெட்டிட்டில் எழுதினது உலகம் பூரா பேசப்பட்டது. நண்பர் கல்யாணத்துக்குக் குறைஞ்ச காசுக்குப் படம் எடுக்கப் போனவருக்குச் சாப்பிட இடம் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. கோபத்தில் மாப்பிள்ளை கண் முன்னாடியே எல்லாப் படத்தையும் அழிச்சிட்டாராம். அவர் செஞ்சது சரியா தப்பான்னு ஆளாளுக்கு வாதம் பண்ணாங்க. என் கண்ணுக்குப் பட்டது வேற. கூலியில் ஒரு பங்கு கொடுக்காம போனா வயல்ல என்ன நடக்குமோ, அதேதான் அங்கேயும் நடந்திருக்கு.

சென்னையில் மண்டபம் பார்த்து, இலைக்கு இவ்வளவுன்னு கேட்டரிங் பேசுறீங்க இல்லையா, அப்பவே போட்டோ டீமுக்கும் சேர்த்து இலைக் கணக்குச் சொல்லுங்க. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் படம் எடுக்கட்டும். காலையில் முகூர்த்தத்துக்கு முன்னாடி டிபன். பந்தி விசாரிக்கிற மாமாவிடம் இந்த வேலையை முன்கூட்டியே ஒப்படைச்சிடுங்க, கல்யாண வீட்டுக்காரருக்கு அன்னைக்கு ஞாபகம் இருக்காது. தனி மூலையில் பொட்டலம் கொடுக்காம, பந்தியிலேயே இலை போடுங்க. பழைய காலம் சிலருக்குப் பங்கு கொடுத்தது, சிலருக்கு இடம் கொடுத்தது. ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க நமக்கு ஒண்ணும் பெரிய செலவு ஆகாது.