கொச்சியின் கிதார்: கடன் இசையும் சொந்த இசையும்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே அமைந்தது தோப்பும்படி. மீன்பிடித் துறைமுகமும், வெல்லிங்டன் தீவுக்குச் செல்லும் பாலமும் அவ்வூரின் அடையாளங்கள். அதன் ஒருபுறம் கோட்டைக் கொச்சியின் பழைய தேவாலயங்கள். தீவுக்கு அப்பால், மறுபுறம், எறணாகுளத்தின் ஓட்டல்கள். இந்தச் சிறிய வட்டாரத்திலேதான் நம் நாட்டு ராக் இசை வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டது என்றால், நேயர்களிற் பலர் வியப்படையக்கூடும்.

வியப்பதற்கு அதிகமில்லை. 1503இல் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். ஆட்சிகள் மாறின, தேவாலயப் பாடற்குழுவும், திருமண விருந்தில் ஒலிக்கும் கிதாரும் மாறவில்லை. ஆகவே மேலை இசை கொச்சிக்கு நேற்று வந்த விருந்தாளியன்று.

1976இல் நியூயார்க் நகரத்து ரமோன்ஸ் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. மூன்று நான்கு சுரக்கூட்டுகள், இரண்டு நிமிடப் பாடல், விரைந்த தாளம். இவ்வளவே அதன் மூலதனம். இதனைப் 'பங்க்' என்றனர். இதன் வேகத்தோடு இனிய மெட்டும் சேர்ந்து வளர்ந்த 'பாப் பங்க்' என்னும் கிளையை, 1994இல் வெளிவந்த கிரீன் டே குழுவின் 'டூக்கி' உலகெங்கும் பரப்பிற்று. வித்தை குறைவாயினும் குற்றமில்லை, பாட்டு மட்டும் சொந்தமாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படை எனலாம்.

ஏறக்குறைய அதே வேளையில், 1977இல், கொச்சியில் '13 ஏ.டி.' என்னும் குழு தோன்றியது. இங்கே நிலைமை நேர்மாறானது. வித்தைக்குக் குறைவில்லை, பாட்டுத்தான் பிறருடையது. எறணாகுளத்து சீலார்ட் ஓட்டலில் வாசித்த காலத்தில், புகழ்பெற்ற மேலைப் பாடல்களை அச்சு அசலாக வாசிப்பதே இவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1990இல், 'கிரவுண்ட் ஜீரோ' என்ற தங்கள் சொந்தப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டனர். 1992இல் 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' வெளிவந்தது. நாடெங்கும் கல்லூரி மாணவர் இவற்றை விரும்பிக் கேட்டனர். ஆயினும், 1990களின் நடுவிலே குழு கலைந்தது. சொந்தப் பாட்டுப் பாடுவோனுக்குச் சோறு போடும் மேடைகள் அன்று நம் நாட்டில் மிகக் குறைவு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது முதற்படி. மூலத்தின் பொருளை உள்வாங்கித் தன் மொழியின் இயல்பிலே சொல்வது அடுத்த படி. முதற்படியை இகழ்வது தவறு. அதிலேயே நின்றுவிடுவதும் தவறு.

அடுத்த படியை ஏறியவர்கள் 1996இல் கொச்சியில் உருவான 'மதர்ஜேன்' குழுவினர். கிளைட் ரொசாரியோ, ஜான் தாமஸ், சூரஜ் மணி, பைஜு தர்மஜன், தீபு சசிதரன் ஆகியோர் இணைந்து, 2008இல் 'மக்தூப்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். 'எழுதப்பட்டது' என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். பாடியது ஆங்கிலத்தில், ஆனால் பைஜுவின் கிதாரிலே கேட்டது கர்நாடக சங்கீதத்தின் கமகம். கிதாரின் கழுத்தில் உலோகக் கட்டைகள் சுரங்களை வரையறுத்து நிறுத்துகின்றன. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும், விரலை வழுக்கியும், அவ்வரையறைகளுக்கு இடைப்பட்ட நாதத்தை அவர் வெளிக்கொணர்ந்தார்.

கமகம் வராது என்பதே ஒரு கருவியை விலக்கப் போதிய காரணமாக இருந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அதன் நிலைத்த சுரங்கள் நம் ராகங்களுக்கு ஒவ்வா என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே பாலுஸ்வாமி தீட்சிதர் மேனாட்டு வயலினை நம் இசைக்கு உரியதாக்கிவிட்டார். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதரோ மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவற்றையே நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். இரவல் வாங்கிய கருவி எப்பொழுது நமதாகிறது? நம் காது கேட்க விரும்புவதை அது சொல்லத் தொடங்கும்பொழுது.

2010இல் பைஜு மதர்ஜேனை விட்டு விலகித் தனி வழி சென்றார். சூரஜ் மணியும் விலகினார். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு குழு தொடர்ந்தது. குழுக்கள் கூடுவதும் பிரிவதும் இயற்கை. எஞ்சி நிற்பது அவர்கள் கண்ட வழி.

இவர்கள் பாடியது ஆங்கிலத்தில்தானே, இது எவ்வாறு நம் இசையாகும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். சொல்லும் நமதாகியிருந்தால் மகிழ்ச்சி இன்னும் பெரிது. 2003இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய 'அவியல்' குழு மலையாளத்திலேயே ராக் பாடி அதனையும் நிறைவேற்றியது. ஆனால் ஓட்டல் மேடையில் பிறர் பாட்டைப் பிழையற வாசித்துப் பழகிய அந்த முதல் தலைமுறை இல்லாதிருந்தால், பின்வந்தோர்க்கு ஏறுவதற்குப் படியே இருந்திராது. பிறர் பாட்டை வாசித்த கைகளையும் நன்றியோடு நினைப்பது நம் கடமையாகும்.