அனிமேஷன் படிப்பில் மென்பொருளுக்கு என்ன இடம்? திருவனந்தபுரத்தின் அனுபவம் – ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: பத்மநாபசுவாமி கோவில், குதிரமாளிகை, சாலைக் கடைவீதி, பேருந்து நிலையம் என கேரளத் தலைநகரின் மையமாக விளங்குவது கிழக்கேகோட்டை. இங்கிருந்து பேருந்தில் எளிதில் சென்று சேரும் தொலைவில் கவின்கலைக் கல்லூரி, அரசின் படமாக்கத் தொழில்நுட்ப மையம், பள்ளிக் கணினிக் கல்விக்கான நிறுவனம், அனிமேஷன் தயாரிப்பு நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் உள்ளன.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இத்துறைக்கு வரும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த மென்பொருள் கற்றுத் தரப்படும்?' என்பதே. ஆனால், அதைவிட முக்கியமான கேள்விகள் இருப்பதை இந்நகரின் அனுபவம் காட்டுகிறது.

மறைக்கப்பட்ட எண்ணெய் வண்ணம்

புதிய கருவியைக் கற்பதற்கான போராட்டம் கிழக்கேகோட்டைக்குப் புதிதல்ல. 1862-ஆம் ஆண்டு, 14 வயதுச் சிறுவனாக ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவை நாடி இங்கு வந்தார் ராஜா ரவி வர்மா. அன்று எண்ணெய் வண்ணம் இந்திய ஓவியர்களுக்குப் புதிய தொழில்நுட்பம். அரண்மனை ஓவியராக இருந்த மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் அதைக் கற்பிக்க மறுத்ததாகவும், அவரது மாணவர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவியதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார்.

கருவியைத் திறமையுள்ள அனைவரும் அணுக முடியுமா என்ற அன்றைய கேள்வி, இன்று மென்பொருள் உரிமக் கட்டணத்தின் வடிவில் மீண்டும் எழுந்துள்ளது.

நகரில் வளர்ந்த நிறுவனங்கள்

திருவிதாங்கூர் அரசு 1888-இல் தொடங்கிய கலைப்பள்ளி, 1975-இல் கவின்கலைக் கல்லூரியாக உயர்ந்தது. 1988-இல் கேரள அரசு, சி-டிட் எனப்படும் படமாக்கத் தொழில்நுட்ப வளர்ச்சி மையத்தை நிறுவியது. அதன் வளாகம், சித்ராஞ்சலி படப்பிடிப்புத் தளம் அமைந்துள்ள திருவல்லத்தில் உள்ளது. 1999-இல் தொடங்கப்பட்ட டூன்ஸ் நிறுவனம், டெக்னோபார்க் வளாகத்திலிருந்து 'தெனாலிராமனின் சாகசங்கள்' தொடரைத் தயாரித்தது. ரஜினிகாந்த் நடித்து 2014-இல் வெளியான 'கோச்சடையான்' படத்தின் அசைவுப் பதிவுப் பணிகளில் ஒரு பகுதியும் இந்நகரில் நடைபெற்றது.

கருவியும் அடிப்படையும்

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 ஓவியங்கள் தேவை. முதன்மை நிலைகளைக் கலைஞர் வரைய, இடைப்பட்ட ஓவியங்களை உதவியாளர்கள் வரைவது பழைய முறை. இன்று அவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினி ஏற்றுக்கொள்கிறது.

தொழில்முறை மென்பொருள்கள் தனித்தனிப் பணிகளுக்கு உரியவை. இருபரிமாண அனிமேஷனுக்கு டூன் பூம் ஹார்மனி, முப்பரிமாண உருவ அசைவுக்கு மாயா, நெருப்பு, நீர், புகை போன்ற விளைவுகளுக்கு ஹூடினி, காட்சிகளை ஒன்றிணைக்க நியூக் அல்லது ஆப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் பயிலும் மாணவர், கோப்புகளுக்கு முறையாகப் பெயரிடுவது, பிறர் தொடரத்தக்க வகையில் பணியை ஒப்படைப்பது, திருத்தங்களை ஏற்பது போன்ற தொழில் ஒழுங்கையும் கற்கிறார். பல நூறு பேர் சேர்ந்து உழைக்கும் தொழிலில் இப்பயிற்சி இன்றியமையாதது.

எனினும், பந்து எழும்பும்போது வேகம் எப்படிக் குறைகிறது, நடக்கும் மனிதரின் எடை எந்தக் காலில் தங்குகிறது என்பவற்றை மென்பொருள் கற்பிப்பதில்லை. 1956-இல் மும்பை வந்த டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ், அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் இவ்வடிப்படைகளைத் தாளிலும் பென்சிலிலும் கற்பித்தார். அங்கு பயிற்சி பெற்ற ராம் மோகன், கணினி யுகத்திலும் இத்துறையின் முன்னோடியாக நீடித்தார்.

மறைந்துபோன மென்பொருள்கள்

ஒரே மென்பொருளை நம்பிப் படிப்பதன் ஆபத்துக்குச் சான்றுகள் உள்ளன. 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்களை இயக்க உதவிய சாஃப்ட்இமேஜ் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக, அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் 2014-இல் அறிவித்தது. இணைய அனிமேஷனை ஆண்ட ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அவற்றின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. அசைவைக் கற்றவர்கள் வேறு கருவிக்கு மாறிக்கொண்டனர்.

பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்

இச்சிக்கலுக்குக் கேரளம் வேறொரு வழியைக் கண்டது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் தொடர்ச்சியாக, பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம் 2017-இல் உருவானது. 2018-இல் அது தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள், 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. டூப்பிடியூப், ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் வழியாக அரசுப் பள்ளி மாணவர்கள் அங்கு அனிமேஷன் பயில்கின்றனர்.

இவை தரத்தில் குறைந்தவை அல்ல. ஓப்பன்டூன்ஸின் மூல மென்பொருள், ஜப்பானின் கிப்லி நிறுவனத்தில் பயன்படுத்தப்பட்டது. 2016-இல் அது அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டது. 2002-இல் பொதுமக்கள் திரட்டிய 1 லட்சம் யூரோ நிதியால் கட்டற்ற மென்பொருளானது பிளெண்டர். அதைக்கொண்டு உருவான லாட்வியா நாட்டுப் படமான 'ஃப்ளோ', 2025-இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்திற்கான ஆஸ்கர் விருதை வென்றது.

எனினும், பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் பலவற்றின் பணிமுறை கட்டண மென்பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளது. எனவே பள்ளியில் பிளெண்டர் பயின்ற மாணவருக்கு மாயா போன்றவற்றுக்கு மாறும் பயிற்சியைத் தருவது கலைக் கல்லூரிகளின் பொறுப்பாகிறது.

உரிமத்தில் கவனம்

ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாயா மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. தகுதியை ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் கல்வி உரிமத்தில் உருவாக்கும் படைப்புகளை வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. படிக்கும்போதே கட்டணத்துக்கு விளம்பரப் படம் செய்து தரும் மாணவர்கள் அறியாமல் விதியை மீறும் இடம் இது. பிளெண்டரில் இத்தகைய தடை இல்லை.

சேருமுன் கேட்க வேண்டியவை

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம், அனிமேஷன் மற்றும் காட்சி விளைவுகளில் இளங்கலைப் பட்டப்படிப்பை நடத்துகிறது. மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த தேசிய உயர்சிறப்பு மையம் மும்பையில் அமைகிறது. தனியார் பயிற்சி நிலையங்களும் ஏராளம்.

எங்கு சேர்வதாயினும் சிலவற்றை நேரில் சென்று உறுதி செய்துகொள்வது நல்லது. வரைதலுக்கும் அசைவின் அடிப்படைகளுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது? வகுப்பு முடிந்த பின்னரும் கணினிக்கூடத்தைப் பயன்படுத்தலாமா? மென்பொருள்கள் முறையான உரிமம் பெற்றவையா? வீட்டிலும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் பாடத்திட்டத்தில் உள்ளதா? முன்னாள் மாணவர்கள் தாமே செய்து முடித்த குறும்படங்களைக் காட்ட இயலுமா? இவற்றில் கடைசிக் கேள்விக்கு முதலிடம் தரலாம். வேலை தரும் நிறுவனங்களும் முதலில் கேட்பது மாணவரின் படைப்புத் தொகுப்பையே.