பட்டினியின் வரலாறு – 17
பப்பாளிப் பாலும் ஒரு ரப்பர் குழாயும்

"ரைல்ஸ் போட்டாச்சா?" என்று ஒரு சிஸ்டர் இன்னொருவரைக் கேட்பது இந்தியாவின் எந்த மருத்துவமனை வார்டிலும் காதில் விழும். வாயால் சாப்பிட முடியாதவருக்கு மூக்கு வழியே இரைப்பை வரை இறக்கும் மெல்லிய குழாய் அது. அதில் ஒட்டிக்கொண்டிருப்பது ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர் 1921இல் இந்தக் குழாயை அறிமுகம் செய்தபோது யாருக்கும் உணவு புகட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒருவர் கஞ்சி குடித்த பிறகு இரைப்பையில் என்ன நடக்கிறது, அமிலம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்க, இடைவெளி விட்டுவிட்டுச் சாற்றை உறிஞ்சி எடுத்துச் சோதித்தார். வெளியே எடுக்க வந்த குழாய், நாளடைவில் உள்ளே அனுப்பும் குழாயாகிவிட்டது.

ரைலிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. கேம்பிரிட்ஜில் மருத்துவத்துக்கான உயரிய பேராசிரியர் பதவியில் இருந்தவர், 1943இல் அதை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவப் பேராசிரியராகப் போனார். பிரிட்டனில் அந்தத் துறைக்கு அவர்தான் முதல் பேராசிரியர். நோயாளியின் இரைப்பையை அத்தனை காலம் அளந்தவர், அந்த நோயாளி குடியிருக்கும் வீட்டையும் செய்யும் வேலையையும் அளக்கப் புறப்பட்டார்.

அதே 1943இல் கல்கத்தா நடைபாதைகளில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கப் பஞ்சத்தின் அரசியலைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது, போர்க்காலப் பணவீக்கம், பதுக்கல், படகுகளைப் பறிமுதல் செய்த கொள்கை, பஞ்ச விதித்தொகுப்பைக் கடைசிவரை அமல்படுத்தாத மாகாண அரசு. ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இந்த வாரம் அந்தத் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்டவர்கள் கிடந்த வார்டுக்குள் போவோம். பஞ்சத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் நுழையாத இடம் இது.

வார்டில் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது ஒரு வயிற்றுப்போக்கு. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவருக்குச் சோறு கொடுத்தால் அது உடம்பில் ஒட்டவில்லை. சாப்பிட்டது அப்படியே வெளியேறியது. சிலர் சாப்பிட்ட பிறகே இன்னும் வேகமாகச் சரிந்தார்கள். இதைப் 'பஞ்ச வயிற்றுப்போக்கு' என்றே குறித்தார்கள். இன்று அதன் காரணம் ஓரளவு தெளிவு. உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும்போது குடலும் தப்புவதில்லை. குடலின் உட்சுவர் மெலிகிறது, உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்கின்றன, கணையத்திலிருந்து வரும் செரிமானச் சாறுகள் வற்றுகின்றன. போதாக்குறைக்குக் காலராவும் சீதபேதியும்.

கல்கத்தாவில் 1932 முதல் இயங்கி வந்த அகில இந்திய சுகாதாரவியல், பொதுச் சுகாதார நிறுவனத்தில் கே.வி. கிருஷ்ணன், ஈ.கே. நாராயணன், ஜி. சங்கரன் ஆகிய மூவர் இதற்கு ஒரு வழி யோசித்தார்கள். புரதத்தைச் செரித்து அமினோ அமிலங்களாக உடைப்பது குடலின் வேலை. குடல் அந்த வேலையைச் செய்ய மறுத்தால், அதை வெளியே ஒரு பாத்திரத்திலேயே செய்து முடித்துவிட்டு, செரித்த சாற்றை மட்டும் நோயாளிக்குக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர அறுவை மருத்துவர் ராபர்ட் எல்மன் 1930களின் இறுதியில் இப்படி உடைத்த புரதத்தை மனிதர்களின் ரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்திருந்தார். ஆனால் போர்க்காலக் கல்கத்தாவில் அமெரிக்கச் சரக்குக்கு எங்கே போவது?

பப்பாளியிடம் போனார்கள். காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பெயின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துப் போடுவதில் அது கெட்டிக்காரன். ஹைதராபாத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாரெட்பள்ளியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள், இறைச்சியே தொடாதவர்கள் உட்பட, 'பத்தர் கா கோஷ்த்' செய்யும் அண்டை வீட்டார் ஆட்டிறைச்சியில் பச்சைப் பப்பாளியை அரைத்துப் பூசி ஊறப்போடுவதைப் பார்த்திருப்பார்கள். சமையலறையில் இறைச்சி மெத்தென்று ஆவதோடு நிறுத்திக்கொள்வோம். ஆய்வகத்தில் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். இறைச்சி கரைந்து சாறாகும் வரை போனார்கள். வடிகட்டி, கிருமி நீக்கி, வாய் வழியாகவும் ரத்தக்குழாய் வழியாகவும் கொடுத்தார்கள்.

1944இல் 'இந்தியன் மெடிக்கல் கெஸட்'டில் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் நம்பிக்கையோடு பேசின. கைவிடப்பட்ட நிலையில் வந்தவர்கள் தேறினார்கள் என்ற செய்தி லண்டன்வரை எட்டியது. உள்ளூர்ச் சரக்கை வைத்து, பஞ்சத்தின் நடுவே, சில மாதங்களில் இதைச் சாதித்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனாலும் இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. இன்றைய அளவுகோலில் அது ஆய்வாகத் தேறாது. சாறு பெற்றவர்களோடு, வெறும் பாலும் கஞ்சியும் சிறுகச் சிறுகப் பெற்றவர்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பலன் சாற்றினுடையதா, கவனிப்பினுடையதா என்று தெரியும். பிணவண்டி வாசலில் நிற்கும்போது அப்படி ஒப்பிட யாருக்கு மனம் வரும்? அந்த ஒப்பீடு ஒன்றரை ஆண்டு கழித்து, ஐரோப்பாவில், யாரும் விரும்பாத ஓர் இடத்தில் நடந்தது.

1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தது. உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60,000 பேர். அதற்குப் பிறகும் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சிப்பாய்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த கொழுப்பு மிகுந்த டின் உணவே பலருக்கு எமனானது. வங்கத்தில் கற்ற பாடங்கள் இரண்டு வடிவில் பெல்சனுக்கு வந்தன. ஒன்று, பால்பொடியும் மாவும் சர்க்கரையும் உப்பும் கரைத்த 'வங்கப் பஞ்சக் கலவை'. மற்றொன்று, உடைத்த புரதச் சாறு.

கலவை தோற்றதற்குக் காரணம் அதன் தித்திப்பு. போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தவர்களின் நாக்குக்கு அது குமட்டியது. புளிப்பாக எதையாவது கேட்டார்கள். செத்துக்கொண்டிருப்பவருக்கு ருசி ஒரு கேடா என்று கேட்பவர்கள் காய்ச்சலில் கிடந்து ரொட்டியை ஒதுக்கிவிட்டு ரசஞ்சாதம் கேட்ட நாளை நினைத்துக்கொள்ளட்டும்.

புரதச் சாற்றைச் சோதிக்கவென்றே லண்டனிலிருந்து மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் மூவர் குழு வந்தது: ஜேனட் வான், சார்லஸ் டென்ட், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ். சாற்றை வாயில் ஊற்றினால் அதன் நாற்றத்துக்கே துப்பினார்கள். மூக்குக் குழாயையும் ஊசியையும் கண்டதும் அலறினார்கள். ஊசி போட்டுக் கொன்ற முகாம்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக் கோட்டும் சிரிஞ்சும் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தார்கள். இத்தனை பயத்தைத் தாண்டி ஏற்றியும், சாறு பாலை வெல்லவில்லை. குளுக்கோஸ் கலந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து புகட்டியதுதான் மேல் என்று வான் குழு எழுதிவிட்டது. மெலிந்த குடல் செத்த குடல் அல்ல. பொறுமையாகக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

கல்கத்தா மூவரின் யோசனை தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அது பொருந்தும் நோயாளி வேறு. குடலே இல்லாதவர், குடல் அடைபட்டவர், குடலில் ஓட்டை விழுந்தவர். அவர்களுக்குச் சாறு ஏற்றுவதில் ஒரு பௌதிகச் சிக்கல் இருந்தது. நாள் முழுவதற்கும் போதுமான உணவைக் கையில் உள்ள சிறு ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டுமானால் கரைசல் அத்தனை அடர்த்தியாக இருக்க வேண்டும். அந்த அடர்த்தியில் குழாய் வெந்து வீங்கி அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் இதற்கு விடை கண்டார். கழுத்தெலும்புக்குக் கீழே புகுந்து இதயத்தின் வாசல்வரை போகும் பெரிய சிரையில் ஏற்றினால், அங்கே ஓடும் ரத்தத்தின் வேகத்தில் கரைசல் உடனே நீர்த்துவிடும். முதலில் பீகிள் நாய்க்குட்டிகளை வாயில் ஒரு கவளமும் வைக்காமல் வளர்த்துக் காட்டினார். பிறகு 1967இல் குடல் உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தையை டக்ளஸ் வில்மோரோடு சேர்ந்து ரத்தக்குழாய் வழியாகவே வளர்த்தார். குழந்தை பிழைத்து நீடிக்கவில்லை, ஆனால் வளர்ந்தது. 1968இல் அந்தச் செய்தி வெளியானதும் உலகம் முழுக்க மருத்துவமனைகள் அந்த முறையைக் கையில் எடுத்தன. ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை ரத்தக்குழாயில் ஏற்றத்தக்க பால்மமாக மாற்றியிருந்ததும் கைகொடுத்தது.

கைகொடுத்தது அளவு மீறியும் போனது. குடல் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கும் ஏற்றினார்கள். கிருமித்தொற்றால் பலரை இழந்தார்கள். தீவிரக் கணைய அழற்சியில் குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது நெடுநாள் வேதவாக்காக இருந்தது. 1990களின் ஆய்வுகள் அதைப் புரட்டிப் போட்டன: குழாய் வழியே குடலுக்கு உணவு தந்தால் தொற்று குறைகிறது. குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போயாக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 31 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவு, இரைப்பையோடு நின்றாலே போதும் என்ற பக்கம் சாய்ந்தது. எண்ணிக்கை சிறிதுதான். குழாயைச் சிறுகுடல்வரை கொண்டுபோக உதவும் எண்டோஸ்கோப்பி இல்லாத தாலுகா மருத்துவமனைக்கு அதன் பொருள் பெரிது: படுக்கையருகே நர்ஸ் இறக்கும் ரைலின் மலிவான குழாயே போதும்.

வங்கப் பஞ்சத்துக்கு ஹைதராபாத்திலும் ஒரு தொடர்பு உண்டு. மாரெட்பள்ளியிலிருந்து மெட்டுகூடா வழியாகத் தார்நாகா பக்கம் போகிறவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மதிலைக் கடந்திருப்பார்கள். அது ஹைதராபாத்தில் பிறந்த நிறுவனம் அல்ல. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் 1958இல் இங்கே குடிபெயர்ந்தது. குன்னூர் நாட்களில் அதன் இயக்குநராக 1935 முதல் 1945 வரை இருந்த வாலஸ் அய்க்ராய்ட், வங்கப் பஞ்சத்தை விசாரித்த உட்ஹெட் கமிஷனில் உறுப்பினர்; சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.வி. ராமமூர்த்தி இன்னொருவர். கமிஷன் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம்வரை போகிறார்கள். அந்த அறிக்கையைப் படிக்கும்போது கல்கத்தா வார்டின் ஊசிகள் சிறிதாகிப்போகின்றன. குடல் மறுத்தது கடைசி வாரத்தில். அரிசி மறுக்கப்பட்டது அதற்குப் பல மாதம் முன்பே.

அதே குன்னூர் ஆய்வகத்தில் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் வேறொரு பட்டினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சமே இல்லாத ஆண்டுகளிலும் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி வந்த குழந்தைகள். பால்பொடிதான் மருந்து என்று உலகம் சொன்னபோது, தாவரப் புரதத்தாலும் அவர்களைத் தேற்ற முடியும் என்று 1956இல் வெங்கடாசலம், ஸ்ரீகாந்தியா, மேத்தா ஆகியோருடன் சேர்ந்து எழுதினார். தார்நாகாவுக்கு வந்த பிறகு அவருடைய சந்தேகம் இன்னும் முற்றியது. இந்தக் குழந்தைகளுக்குப் புரதம்தான் குறைச்சலா, அல்லது சோறே குறைச்சலா? ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 14 மாதம், ஒரு குழந்தைக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு 310 கலோரி, அதில் புரதம் 3 கிராம் மட்டும். ஐ.நா. சபை வரை 'புரதப் பஞ்சம்' என்று முழங்கிய காலத்தில் அந்தச் சோதனை கிளப்பிய சண்டையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)