மீந்த நூலும் முடிந்த கொட்டானும்: செட்டிநாட்டு ஆச்சிகளின் கைவேலை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70-க்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரந்துள்ள செட்டிநாட்டைப் பற்றிப் பேசுவோர், அங்குள்ள வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் வட்டிக்கடைகளையும், பர்மாத் தேக்கில் எழுந்த பெருவீடுகளையும், ஆத்தங்குடித் தளக்கற்களையும் விரிவாகச் சொல்வர். அந்த வீடுகளின் உள்கட்டுகளில் ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் பெண்கள் பின்னியும் கோத்தும் தைத்தும் நிறைவேற்றிய கைவேலைகளுக்கு அந்தப் பேச்சில் சிறிதளவு இடமே கிடைக்கிறது. கைவேலையில் ஆர்வம் கொண்டோர் எங்கும் எதிர்கொள்ளும் இரு சிக்கல்கள், வாங்கிய நூல் தீராமல் சேர்ந்துகொண்டே போவதும் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோவதும் ஆகும். செட்டிநாட்டில் இவ்விரண்டையும் தனிமனிதரின் மனவுறுதியைவிட வழக்கமும் சடங்கும் கவனித்துக்கொண்டன என்பதே அதன் கைவேலை வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி.

அவ்வரலாற்றின் நடுவில் இருப்பது கொட்டான் என்னும் பனையோலைப் பெட்டி. பனையின் குருத்தோலையைக் காயவைத்து, நடுவிலுள்ள ஈர்க்கை உரித்தெடுத்து, ஓலையை ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வகிர்ந்து, சாயம் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, ஈரப்பதம் போகுமுன் கையாலேயே முடைவர். அடிப்பகுதி சதுரமாகத் தொடங்கி, சுவர் எழும்ப எழும்ப வளைந்து, வாய் வட்டமாக முடிவது இதன் இலக்கணம். சீனி, பலகாரம், வெற்றிலை பாக்கு முதலியவற்றை வைத்துக் கொடுக்கவும் சடங்குகளில் பொருள் எடுத்துச் செல்லவும் பயன்பட்ட இப்பெட்டி, உள்ளங்கைக்குள் அடங்குவது முதல் இரு கைகளால் தூக்க வேண்டியது வரை பல அளவுகளில் முடையப்பட்டது. ஓலை மலிவானது, ஆனால் ஆச்சிமார் ஓலையோடு நிற்கவில்லை. பெட்டியின் மேல் குரோஷா நூலில் பின்னிய உறையை இழுத்துப் பூட்டினர். அதன் விளிம்பில் பாசிமணி கோத்தனர். சில பெட்டிகளுக்கு வெல்வெட் துணியும் சமிக்கியும் வைத்துத் தைத்தனர்.

குரோஷா என்பது கொக்கி போல் முனை வளைந்த ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னும் முறை. ஐரோப்பாவில் இது 1840களில் பரவலாயிற்று. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய் தரும் தொழிலாகவும் வளர்ந்தது. தமிழ் பேசும் தென்கோடியில் நூற்பின்னலை ஊன்றியவர்கள் மிஷனரிப் பெண்கள்: நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களில் லேஸ் வேலையைக் கற்பித்தார், அவருடைய மகள் எலைசா, மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றபின் அங்கும் அத்தொழிலைத் தொடங்கினார். அங்கு அது கூலிக்குச் செய்யும் தொழில். செட்டிநாட்டிலோ கூலி தேவைப்படாத வீடுகளில், ஓய்வு நேரத்தில், குடும்பத்தின் பெயருக்காகச் செய்த வேலையாக அது வேர்கொண்டது. நகரத்தார் ஆண்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சைகோன் ஆகிய ஊர்களில் உள்ள கடைகளுக்கு முகவர்களாக மூன்றாண்டுத் தவணைகளில் சென்று வந்தனர். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். கடல் கடந்து வந்த சரக்கில் பீங்கானும் எனாமல் பாத்திரமும் இருந்ததுபோலவே ஐரோப்பியக் கண்ணாடி மணிகளும் நூற்கண்டுகளும் இருந்தன. சரக்கும் நேரமும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தமையே இக்கைவேலை செழித்ததற்கு முதற்காரணம் எனலாம்.

மணி கோத்த குரோஷாவின் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால், வேலை பாதியில் நிற்பது எவ்வளவு எளிது என்பது விளங்கும். பின்னும்போது மணியை ஒவ்வொன்றாகச் சேர்க்க இயலாது. ஊசியைக் கையில் எடுக்குமுன்பே முழு உறைக்கும் வேண்டிய மணிகளை நூலில் கோத்துவிட வேண்டும். கடைசியாகக் கோத்த மணியே முதலில் வெளிவரும் என்பதால், பல வண்ணங்கள் கொண்ட வடிவத்தைத் தலைகீழ் வரிசையில் எண்ணிக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு மணி தவறினால் அந்த இடம் வரை பிரிக்கவோ, நூலை அறுத்து முடிச்சிட்டுத் தொடரவோ நேரும். பெரிய விரிப்பாக இருந்தால் அத்தகைய பிழை மாதக்கணக்கான உழைப்பை முடக்கும். கையகலக் கொட்டான் உறையிலோ இழப்பு சில நாள் வேலையே. பொருள் சிறியதாக இருப்பது முடிப்பதற்கு உதவியது; மீந்த நூலைத் தீர்ப்பதற்கும் அதுவே உதவியது. ஒரு கண்டின் கடைசிச் சுற்று பெரிய பின்னலுக்குப் போதாவிட்டாலும் சிறு கொட்டானின் விளிம்புக்குப் போதும்; அதுவும் போதாதபோது வேறு நிறத்து நூலை இணைத்துக் கரை போட்டால், அது திட்டமிட்ட அழகாகவே தோன்றும்.

முடிக்கவேண்டிய நாளையும் வழக்கமே குறித்துக் கொடுத்தது. நகரத்தார் வீட்டில் பெண் பிறந்த காலத்திலிருந்தே அவளுக்குரிய சாமான்களைச் சேர்க்கத் தொடங்குவர். திருமணத்தின்போது அவற்றை உறவினரும் ஊராரும் பார்க்கும்படி பரப்பி வைப்பர். பித்தளையும் வெள்ளியும் மரமும் வாங்கப்படுவன. கொட்டானும் பின்னல் விரிப்பும் வீட்டாரின் கைத்திறனுக்குச் சாட்சி சொல்வன. எல்லோர் கண்ணும் படும் இடத்தில் அரைகுறைப் பின்னலை வைக்க எந்தத் தாயும் துணிய மாட்டாள். திருமணத்திற்குப் பின் அப்பெண் புகுந்த வீட்டில் தனிப் ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டாள், புள்ளி என்பது மணமான ஓர் இணையைக் கோயில் வரிக்கும் குடும்பக் கணக்குக்கும் ஓர் அலகாக எண்ணும் முறை. கூட்டுக் குடும்பமாயினும் புள்ளிக்குப் புள்ளி தனி அறையும் தனி அடுப்பும் தனிப் பெட்டகமும் இருந்தமையால், மீந்த மணியும் நூலும் பொதுவில் கரையாமல் அவளவளிடமே தங்கின.

அப்படித் தங்கிய துணுக்குகளுக்குப் படச்சட்டங்களும் ஒரு போக்கிடம். ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பகுதியில் நிறுவிய அச்சகத்தின் எண்ணெய்வண்ண அச்சுப்படங்கள் தென்னாட்டு வீடுகளுக்கும் வந்தபோது, பெண்கள் அவற்றை அப்படியே மாட்டிவிடவில்லை. இலக்குமியின் சேலைக்குப் பட்டுத்துணியை அளவாக வெட்டி ஒட்டினர், கரைக்குச் சரிகை வைத்தனர், நகைகளுக்கு மணியும் சமிக்கியும் பதித்தனர். முகமும் கைகளும் மட்டும் அச்சில் இருந்தபடியே விடப்பட்டன. வேறெதற்கும் உதவாத விரலகலப் பட்டுத்துண்டு தெய்வத்தின் முந்தானையாயிற்று. சிக்கனத்தையும் பக்தியையும் இங்குப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை.

நூல் மீந்துபோகும் இதே சிக்கலுக்குக் குளிர்நாடுகள் வேறு வழி கண்டன. அமெரிக்காவின் ‘பிரெய்ரி ஃபார்மர்’ இதழில் 1885-ஆம் ஆண்டு வெளியான சதுரப் பின்னல் முறை, மீந்த கம்பளி நூலைச் சிறுசிறு சதுரங்களாகப் பின்னி, போதிய அளவு சேர்ந்தபின் ஒன்றாக இணைத்துப் போர்வையாக்கும் வழியைக் காட்டிற்று. காரைக்குடி வெயிலில் கம்பளிப் போர்வைக்கு வேலையில்லை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த உல்லன் நூல் வாசல் தோரணமாகவும், சாமி படத்து மாலையாகவும், பொம்மையாகவுமே உருமாறிற்று.

1930களில் அரிசி விலை வீழ்ந்து பர்மாவில் கொடுத்த கடன்கள் பணமாக அன்றி நிலமாகத் திரும்பியதும், 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் கடைகள் கைவிடப்பட்டதும், 1948-இல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்க முனைந்ததும் நகரத்தாரின் செல்வத்தைக் குலைத்தன. ஆயினும் கொட்டான் மறைந்ததற்குச் செல்வக் குலைவை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. ஓலை எப்போதும் மலிவாகவே இருந்தது. எவர்சில்வர் பாத்திரம் வந்தது, விருந்தினர் கையில் கொட்டானுக்குப் பதில் தாம்பூலப் பை கொடுக்கப்பட்டது, குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தன. கெடுநாள் இல்லாத கைவேலை பொழுதுபோக்காகச் சுருங்கிற்று. நூல் பெட்டியிலேயே கிடந்தது. வீடுகள் கைமாறியபோது தேக்குத் தூண்களோடும் எனாமல் அடுக்குகளோடும் மணிவேலைப் படங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

விசாலாட்சி ராமசாமி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை, முடையத் தெரிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்த நிலையில் அக்கலையைச் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்றுவித்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டான் யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் புவிசார் குறியீடும் பெற்ற பொருள். இம்மீட்பில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது: முன்பு வீட்டுச் சடங்கு நாள் குறித்தது, இப்போது வாங்குவோரின் ஆர்டர் நாள் குறிக்கிறது, முன்பு மகளுக்காக முடைந்தனர், இப்போது முடைவது கூலிக்கு. இடையன்குடி லேஸ் தொழிலின் வழிக்குக் கொட்டானும் ஒருவாறு வந்து சேர்ந்திருக்கிறது எனலாம். முடைபவளுக்கு வருமானம் உண்டு என்பதால் இதைக் குறையாகக் கொள்வதற்கில்லை.

ஓய்வுநேரக் கைவேலையின் பழைய கணக்கைக் காண விரும்புவோர் இப்போது தமிழ்நாட்டுத் தெருத் திண்ணைகளில் வயர் கூடை பின்னுவோரையே பார்க்க வேண்டும். கட்டுக் கட்டாக வாங்கும் பிளாஸ்டிக் வயரில் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று வடிவங்களுக்குப் பெயரிட்டுக் கூடை போடுவோர், இரண்டு மூன்று கூடைகளில் மீந்த பல வண்ண வயரைச் சேர்த்துக் குழந்தையின் சாப்பாட்டுக் கூடையோ சிறு பையோ பின்னிவிடுகின்றனர். அதற்கும் போதாத துண்டு கைப்பிடி சுற்றப் பயன்படுகிறது.