தீரன் அதிகாரம் ஒன்று

எச். வினோத் எழுதி இயக்கிய தமிழ்த் திரைப்படம். 2017 நவம்பர் 17 அன்று வெளியானது. சதுரங்க வேட்டைக்குப் (2014) பின் அவருக்கு இது இரண்டாவது படம். தீரன் திருமாறன் என்ற காவல்துறை அதிகாரியாகக் கார்த்தி நடித்தார், இசை ஜிப்ரான்.

கதையின் வேர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினரும் முன்னாள் அமைச்சருமான கே. சுதர்சனம், 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் தம் வீட்டிலேயே கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கும்பல் பல ஆண்டுகளாகத் தமிழகத்தில் கொள்ளையடித்தும் கொன்றும் வந்திருந்தது. வடக்கிலிருந்து சரக்கு லாரியில் வருவார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒதுக்குப்புற வீடாகப் பார்த்து நள்ளிரவில் புகுவார்கள். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு லாரியோடு லாரியாகக் கலந்துவிடுவார்கள். சிப்காட் சரக்கும் கொல்கத்தா செல்லும் சரக்கும் இரவு பகலாக ஓடும் கும்மிடிப்பூண்டிச் சாலையில், ஆந்திர எல்லை எவ்வளவு பக்கம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

சுதர்சனம் கொலைக்குப் பின், வடமண்டல ஐ.ஜி. எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்தது. துப்பு, கொள்ளையர் விட்டுச்சென்ற கைரேகைதான். மாநிலங்களின் ரேகைப் பதிவுகள் ஒரே கணினி வலையில் இணைந்திராத காலம் அது. அவற்றை இணைக்கும் தேசிய அளவிலான தானியங்கி ரேகைத் தொகுப்பு 2022-இல்தான் தொடங்கப்பட்டது. தனிப்படை வட மாநிலங்களுக்கே சென்று தேடி, கும்பல் தலைவன் ஓமா பவாரியா உள்ளிட்டோரைப் பிடித்தது. கொலைகாரர்களை அத்தனை காலம் காத்தது அவர்களுடைய சாமர்த்தியம் மட்டுமல்ல, மாநிலங்களுக்கு நடுவே இருந்த இந்த இடைவெளியும்தான்.

படத்தின் வலுவும் இங்கேதான். ரேகைத் தாளும் கையுமாக ஊர் ஊராக அலையும் காவலர்களின் களைப்பை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தமிழ்ப்படங்கள் குறைவு. சாமானியர்கள் செத்தபோது கிடைக்காத ஆட்பலம், சட்டமன்ற உறுப்பினர் கொலைக்குப் பிறகே தீரனுக்குக் கிடைக்கிறது என்பதையும் படம் மறைக்கவில்லை.

ஆனால் ஒரு கும்பலின் கொடுமையை அது பிறந்த சாதியின் வரலாறாக விரித்தது பெரும் பிழை. பிரிட்டிஷ் அரசு 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், இப்படித்தான் பட்டியலிட்ட சாதிகளில் பிறந்த குழந்தையையும் குற்றவாளியாக எண்ணியது. தமிழகத்தில் அதை ரேகைச் சட்டம் என்றே மக்கள் அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952-இல் சட்டம் நீங்கியது, பழிச்சொல் நீங்கவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினர் எதிர்ப்புத் தெரிவித்ததும், தயாரித்த ட்ரீம் வாரியர் பிக்சர்ஸ் மன்னிப்புக் கேட்டு, ‘குற்றப் பரம்பரை’ என்ற சொல்லைப் படத்திலிருந்து நீக்க ஒப்புக்கொண்டது.