கடாரத்துப் படைவீரரும் அவர்தம் தோழரும்

கி.பி. 1025ல் இராசேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படை கடாரத்தை வென்ற செய்தியை நம் நாட்டுப் பள்ளிச் சிறுவனும் அறிவான். வென்ற மன்னனுக்குக் கடாரங்கொண்டான் என்னும் விருதுப்பெயர் கிடைத்தது. மெய்க்கீர்த்தி எழுதிய புலவர்க்குப் பரிசிலும் கிடைத்திருக்கும். ஆனால் அம்மரக்கலங்களில் துடுப்பு வலித்தவன் யார்? வேல் பிடித்து இறங்கியவன் யார்? அக்கரையில் மாண்டு மணலிற் புதைந்தவன் யார்? கல்வெட்டு வாய் திறக்கவில்லை. அரசரைப் பாடிய சரித்திரத்துக்கு ஆட்களை எண்ண நேரமில்லை போலும்!

அக் கடாரமே இன்றைய கெடா மாநிலம் என்பர் ஆராய்ச்சியாளர். ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அம்மலைக்குக் கூப்பிடு தொலைவில் பீடோங், சுங்கை பட்டாணி முதலிய ஊர்களைச் சூழ்ந்த கித்தாக் காடுகளில் நம்மவர் மூன்று நான்கு தலைமுறை பால் வெட்டினர். அவருள்ளும் ஒரு படை எழுந்தது. ஆயிரமாண்டுக்கு முற்பட்டதன்று, நம் தந்தையர் காலத்தது. அதன் வீரர் பெயரும் கல்லில் ஏறவில்லை. ஆயினும் அவரிற் சிலர் நெடுங்காலம் உயிரோடிருந்து தம் தோழரைப் பற்றிப் பேசினர். அப்பேச்சே ஈண்டு நம் பொருள்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். நான்கு நாட்களுக்குள் வட கெடாவில் ஜித்ராப் போர் முடிந்தது. பதினோராவது இந்தியப் படைப்பிரிவு சிதறி மழையிலும் சேற்றிலும் தெற்கு நோக்கி ஓடிற்று. குருணிலும் நிற்க முடியவில்லை. தோட்டத்துத் துரைமார் மோட்டாரேறிப் போயினர். பினாங்கிலிருந்து வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றினர். கூலிக்காரரையும் நகரத்தாரையும் வெடிகுண்டுக்கு விட்டுச் சென்றனர். காக்க வந்தவர் என்று எவரைச் சொன்னார்களோ அவர் முதுகைத் தமிழன் முதன்முதலாகக் கண்டது அந்த வாரத்திலேதான்.

அதே வாரத்தில் அலோர் ஸ்டார் நகருக்கருகே சரணடைந்த பஞ்சாப் படையணியின் காப்டன் மோகன் சிங்கை, ஜப்பானிய மேஜர் புஜிவாராவும் ஞானி பிரீதம் சிங்கும் சந்தித்துப் பேசினர். கொள்ளை மிகுந்திருந்த அந்நகரில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இந்திய தேசிய ராணுவத்தின் கரு அங்கேதான் உருவாயிற்று. முதற்படை 1942 செப்டம்பரில் அமைந்து, ஜப்பானியரோடு மாறுபட்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே குலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பின்னரே அது மீண்டும் உயிர்பெற்றது. சிறைப்பட்ட சிப்பாய்களால் ஆன படையில் இப்போது சிவிலியரும் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தனர். அவருட் பெரும்பாலோர் மலாயாத் தமிழர்.

இவர்கள் ஏன் சேர்ந்தனர்? தேசபக்தியால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் உண்டு. நாம் அவ்வளவு எளிதாக முடிக்க மாட்டோம். அக்காலத்தே தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை, மரவள்ளிக் கிழங்கே உணவு, உடுக்கத் துணியில்லாமல் சாக்கு உடுத்தினர். லயங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போயினர். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவுக்கும் பசிக்கும் பலியான தமிழர் பல்லாயிரவர். படையிற் சேர்ந்தவனை ரயில்பாதைக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். படைவீட்டில் சோறு கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். இவற்றைச் சொல்வதால் அவர்தம் பெருமை குன்றுமோ? உயிர்தப்பச் சேர்ந்தவனே பின்னர் உயிரைக் கொடுக்கத் துணிந்தான் என்றால், அம்மாறுதலன்றோ சரித்திரக்காரன் ஆராய வேண்டுவது!

மாறுதல் எப்படி நேர்ந்தது? வெள்ளை ஆட்சியார் இந்தியரைப் போர்க்குலத்தார் என்றும் பிறர் என்றும் பிரித்து, தமிழனைப் பிறரோடு சேர்த்துச் சென்னைக் காலாட்படையைச் சுருக்கிக் கடைசியிற் கலைத்தே விட்டனர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட தமிழன், அதிலும் தோட்டத்தில் நாளெல்லாம் துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் தலை வணங்கியவன், துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றான். பழைய இந்திய ராணுவத்தில் மதத்துக்கொரு அடுப்பு எரிந்தது. இங்கே அடுப்பு ஒன்று, பந்தி ஒன்று. 1943ல் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலார் போஸை அழைத்தபோது, எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விடுவதானால் வருவேன் என்றார் அவர். அவ்வாறே முஸ்லிம் அதிகாரிகளையும் உடனழைத்துச் சென்றார். லயத்தில் ஒரு சாதியார் வீட்டில் மறு சாதியார் தண்ணீர் குடியாதிருந்த காலம் அது என்பதை நினைக்க.

பெண்களின் செய்தி இன்னும் வியப்பு. டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டப் பெண்கள் பலர் சேர்ந்தனர். பால் வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கிற்று. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்குகையில் ஒரு தொகுதியார் சென்ற ரயில் தாக்கப்பட்டு இருவர் மாண்டனர். படைவீரரின் பழங்கதைகளிலும் இப்பெண்கள் ஓரமாகவே வருகின்றனர் என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம். ஆண்கள் கூடிப் பேசும் திண்ணையில் அவர்களுக்கு இடமில்லை போலும்.

நிற்க. பல ஆண்டுகளுக்கு முன் சுங்கை பட்டாணியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் இத்தகைய முதியவர் மூவரோடு நாம் ஒரு பிற்பகல் இருந்தோம். அவர்கள் டில்லியைப் பற்றியோ செங்கோட்டையைப் பற்றியோ பேசவில்லை. சிந்துவின் ஆற்றைக் கடக்கையில் காய்ச்சலில் தள்ளாடிய ஒருவனுக்குத் தன் பூட்சைக் கொடுத்தவன் யார் என்பதில் இருவருக்குச் சண்டை. ‘அவன் குளிம் பக்கத்து ஆள், அண்ணே’ என்றார் ஒருவர். ‘இல்லை தம்பி, பாடாங் செராய், அவன் அக்காளை எனக்குத் தெரியும்’ என்றார் மற்றவர். மூன்றாமவர் அதுவரை பேசாதிருந்து, அவன் திரும்பவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு நெடுநேரம் எவரும் பேசவில்லை. இடையே ஒருவர் பழைய இந்துஸ்தானிக் கட்டளைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் காட்டினார். பொருள் தெரியாமலே கற்றவை, பொருள் தெரியாமலே மறவாதவை.

இப்பேச்சை அப்படியே சரித்திரமாகக் கொள்ளலாகாது. 1944ல் இம்பால் போர்முனைக்குச் சென்றதாகச் சொல்வோர் எல்லாரும் சென்றவரல்லர். மூன்றாவது படைப்பிரிவு மலாயாவை விட்டு நகரவேயில்லை. போரிற் குண்டுபட்டு இறந்தவரினும், பின்வாங்கிய மழைக்காலத்தில் மலேரியாவாலும் வயிற்றுக் கடுப்பாலும் பசியாலும் இறந்தவரே மிகுதி என்பதையும் வீரக்கதை விரும்பும் நாவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஏட்டில் இல்லாத ஒன்று அப்பேச்சில் உண்டு. இறந்தவனின் ஊர், அவன் அக்காள், அவன் காலிற் கிடந்த பூட்சு. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் அப்படைக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த வெள்ளையர் இரண்டே மாதத்தில் தகர்த்தனர். தேத்தண்ணீர்க் கடைப் பேச்சைத் தகர்க்க அவரால் இயலவில்லை.

போர் முடிந்தது. சிறைப்பட்ட சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரித்தனர். தோட்டத்திலிருந்து போனவன் தோட்டத்துக்கே வந்தான். அதே லயம், அதே விடியற்காலைப் பெரட்டு, அதே பால் கத்தி. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க 1941லேயே கிள்ளான் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் பட்டாளத்தைக் கொண்டு அடக்கிற்று. படைத்தலைவருக்கு மட்டும் சலாம் வைத்துப் பழகியவன் இப்போது அவ்வாறு இறங்குவானோ?

இறங்கவில்லை. கெடாவில் அதன் விளைவு தொண்டர் படையாய் வெளிப்பட்டது. பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் 1946ல் எழுந்த இவ்வியக்கத்தில், திரும்பி வந்த படைவீரர் பலர் கலந்தனர். மாலையில் அணிவகுப்பு, கையில் துப்பாக்கிக்குப் பதில் தடி. பகைவன் கள்ளுக்கடை. கூலியாக வந்த காசு கள்ளாக ஒழுகிப் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்ததைக் கண்ட தொண்டர், கடை வாயிலில் நின்று மறித்தனர். லயங்களைத் துப்புரவு செய்யத் தூண்டினர். குடித்தவனைத் தண்டித்ததும் உண்டு. அது எல்லை கடந்ததும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அதிகாரிகள் அஞ்சியது அத்தண்டனையை அன்று. கூலிக்காரன் வரிசையாக நிற்கக் கற்றுக்கொண்டதையே அஞ்சினர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாரோடு மோதல் நேர்ந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டான். இம்பாலில் தப்பியவர் சிலர் பீடோங்கிலே தடியடி பட்டனர்.

மறு ஆண்டு ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. சங்கங்கள் ஒடுங்கின. தொழிற்சங்கப் பெருந்தலைவராயிருந்த தோழர் கணபதியை 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிட்டனர். அதன்பின் கெடாத் தோட்டங்களில் பழைய படைவீரன் தன் காக்கிச் சட்டையைப் பெட்டிக்கடியில் வைத்தான். பிள்ளைகளிடமும் அதிகம் பேசவில்லை. பேசத் துணிந்த காலத்தில் தோழரிற் பாதிப்பேர் இல்லை. பின்னர் தோட்டங்களும் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது, பல இடத்தில் வீடுகளும் ஆலைகளும் வந்தன. லயம் இருந்த இடத்தை ஒரு முருங்கை மரத்தைக் கொண்டு அடையாளம் காட்டுவோர் உளர்.

அந்தப் பிற்பகலில் நாம் விடைபெறுகையில், பூட்சைப் பற்றி வழக்காடிய முதியவர் நம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். தாம் எழுத அறியாதவர் என்று சொல்லி, ஏழு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நம்மை எழுதச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லி, ஐந்தாவது பெயரில் ஒரு பிழை திருத்தினார். அதன் பிறகே சைக்கிளில் ஏறினார்.