கூடு தேடி வந்த கேமரா

பறவையைப் படம் எடுக்க ஒரு காலத்தில் மாட்டுத் தோலுக்குள் புகுந்து உட்கார வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் அதைத்தான் செய்தார்கள். முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைச் செர்ரி 1892இல் படம் எடுத்தார். அந்த வகையில் அதுவே முதல் படம் என்பார்கள். 1909இல் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வேட்டைப் பயணத்தை அங்கே சலனப்படமாக எடுத்தார். ஒரே காட்டில் துப்பாக்கியும் கேமராவும் சேர்ந்து நடந்த காலம் அது.

அந்தத் தலைமுறைக்குக் கூட்டை விட்டால் வேறு வழியில்லை. படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் ஒளியை மெதுவாகத்தான் வாங்கும். லென்ஸும் தூரத்தை எட்டாது. பறக்கும் பறவையைத் துரத்திப் பயனில்லை. இரையோடு திரும்பத் திரும்ப ஒரே கிளைக்கு வரும் தாய்ப்பறவைதான் படத்துக்கு அகப்படும். எனவே கூட்டுக்கு எதிரே மறைவு கட்டி, ஃபோகஸை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதற்குப் பறவை கொடுத்த விலை குறைவல்ல. படம் தெளிவாக வர இலையை விலக்கினால் குஞ்சு வெயிலில் வாடும். தாய் மிரண்டு விலகிய நேரம் பார்த்துக் காகம் முட்டையைக் கொத்திப் போகும்.

நம் பக்கத்தில் கேமராவோடு காட்டுக்குப் போனவர் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன். அவர் பிறந்தது திருநெல்வேலியில், 1912 ஜூன் 30 அன்று. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய பெருங்குளம் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தந்தை 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் தமிழுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதே உயிர்விட்டார். மகனுக்கு அப்போது வயது 13. தாவரவியல் படித்தார், பிறகு சட்டம் படித்தார். 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பல வேலைகள் பார்த்தார். அதன்பின் சம்பள உத்தியோகத்தின் பக்கமே போகவில்லை. எழுதியும் வரைந்தும் படமெடுத்துமே வாழ்ந்தார்.

ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மீதி உறுப்புகள் வேறெங்கிருந்தோ வந்தவை என்று தானே இணைத்துக்கொண்ட கேமரா அவருடையது. ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். வளர்ப்பு யானையின் முதுகிலிருந்தும் கால்நடையாகவும் காட்டைப் படமெடுத்தார். வண்ணப்படம் பரவிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார். அவர் காலமான 1996 பிப்ரவரி 18 அன்றும் அது வெளிவந்தது. 1961இல் வந்த அவருடைய நூலின் பெயர் ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’. யானைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தவர் அவர். தமிழில் இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரிடம் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். ஆனால், பிறந்த ஊரில் அவர் பெயர் இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

அவர் ஊரைச் சுற்றியுள்ள பறவைகளைப் பார்க்க நெடும்பயணம் தேவையில்லை. நெல்லை நகரிலேயே நயினார்குளம் இருக்கிறது. பேட்டையைத் தாண்டிச் சேரன்மகாதேவி சாலையில் மேற்கே போனால் வயலும் வாய்க்காலுமாகக் கொக்குகள் தொடர்ந்து வரும். இன்னும் மேற்கே, தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயில் கொண்ட திருப்புடைமருதூர். அங்குள்ள பெருமரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊராரின் முயற்சியால் 2005இல் அந்த இடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது அது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை.

தெற்கே நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமான இந்த ஊர் 2022இல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது. இங்கே மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுப் பின்புற மரங்களிலும் கூடு வைக்கின்றன. எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும், விரட்டுவார் இல்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடும் வழக்கமும் உண்டு. பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை.

கியர்ட்டன் சகோதரர்களுக்கு மாட்டுத் தோல் செய்து கொடுத்த வேலையை இங்கே ஊர்மக்களே செய்து வைத்திருக்கிறார்கள். மனிதனைக் கண்டு மிரளாத பறவையை யாரும் ஒளிந்திருந்து எடுக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து நீண்ட லென்ஸோடு வருகிறவர்கள் இந்த நன்றிக் கடனை உணர வேண்டும். கூட்டை நெருங்குவதும், பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி எழுப்புவதும் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கையைக் குலைக்கிற செயல்கள்.

கூட்டை நெருங்காமலே கேமராவைப் பயன்படுத்துகிறவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ஜனவரியில் மாணவர்களும் ஆர்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போகிறார்கள். தொலைவில் நிற்பது எந்த வாத்து, எந்த உள்ளான் என்று ஐயம் வந்தால், கரையில் நின்றே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பட்டியலில் எழுதிக்கொள்கிறார்கள்.